பால் சாட்சி

நான் குர்ஆன்மேல் கை வைத்துப் பொய் சொன்னவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் உருக வேண்டாம்.

மாரிப் நகரத்துக்கு வெளியே, போருக்குத் தப்பி ஓடிவந்தவர்களின் முகாம். மணல்காற்றைத் தவிர வேறு எதுவும் அங்கே நேரத்துக்கு வந்து சேராது. அங்கே எனக்குக் குழந்தைகளைப் பாதுகாக்கும் வேலை. சம்பளம் கொடுப்பது வெளிநாட்டு நிறுவனம். காலையில் பெரிய கூடாரத்தைத் திறந்து பிள்ளைகளை உள்ளே விட வேண்டும், மத்தியானம் ரொட்டியும் பேரீச்சம்பழமும் கொடுத்து அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் எந்தப் பிள்ளையை யார் அடிக்கிறார்கள், எந்தப் பெண்ணுக்கு யார் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கூடாரம் கூடாரமாக மூக்கை நுழைக்க வேண்டும். மூக்கை நுழைப்பதில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியதுதான் இது.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு சோதனைச்சாவடி. ஒருவன் குச்சியைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்பான். பெண்பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். "கூட வர்ற ஆம்பள யாரு? வாப்பாவா, அண்ணனா, புருஷனா?" என்று அதட்டுவான். யாருமில்லை என்று சொன்னவளைத் திருப்பி அனுப்புவான். பயிற்சி கொடுக்க வந்த மேடம் இதைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது விளையாடச் சொல்லுங்கள் என்றாள். வேறு என்ன விளையாடுவார்கள்? அவர்கள் வந்த வழியெல்லாம் அதுதானே நடந்தது.

அந்த விளையாட்டை அடக்கி, சின்னதுகளை வட்டமாக உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் இஷ்ராக். பதிமூன்று வயது. கூடாரத்துணி கிழிகிற மாதிரி சிரிப்பாள். பிறந்த நாலாம் நாள் உம்மா ஜுரத்தில் போனாள். வாப்பா ஷாயிஃப், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டின்மேல் விழுந்த குண்டில் போனான். மிஞ்சியது வாப்பாவின் தம்பி ஹிஸாம் மட்டும். அவனோடுதான் முகாமுக்கு வந்தாள். நானும் அதே மலையூர்க்காரி என்பதால் சித்தி முறை வைத்து என்னைச் சாச்சி என்று கூப்பிடுவாள்.

ஒருநாள் ஹிஸாமின் கூடாரத்து வாசலில் புது மோட்டார்சைக்கிள் நின்றது. விசாரித்தேன். முக்பில் கொடுத்ததாம். முக்பில் எங்கள் ஊர்தான். மென்றால் போதை ஏறுகிற காத் இலைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போர்முனையைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வியாபாரம் செய்பவன். சும்மா கொடுக்கிற ஆளா அவன்? இஷ்ராக்கை இரண்டாம்தாரமாகக் கேட்டிருக்கிறான். ஹிஸாம் சரி என்றுவிட்டான்.

நான் நேரே போய் நின்றேன்.

"பதிமூணு வயசுப் புள்ளைடா அது."

"என் பொண்டாட்டிய கட்டும்போது அவளுக்குப் பன்னெண்டு. நல்லாத்தானே இருக்கா."

"நான் உன் முதல் பொண்டாட்டியக் கேக்கிறேன்."

ஹிஸாமின் முகம் சுருங்கிவிட்டது. முதல் மனைவி பதினைந்து வயதில் பிரசவத்தில் போனவள். அவள் உடலைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஆனாலும் அவன் விடவில்லை.

"டீச்சர், நீங்க கலர் பென்சிலோட நிறுத்திக்கங்க. எனக்கு அஞ்சு வயிறு இருக்கு. ஒண்ணு குறைஞ்சா நாலுக்காவது சோறு வரும்."

எங்கள் நாட்டில் இந்த வயதுக்குமேல்தான் கட்டிக்கொடுக்கலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. நகரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மேலதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோதல் வேணாம் ஜலீலா. சமூகத்தோட பழக்கவழக்கத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கும், அதைப் பாருங்க" என்றார். மனசுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன். முகாமின் பெரியவர் ஷேக் முஸ்இதிடம் போனேன். நியாயமான மனிதர், ஆனால் களைத்துப்போனவர். "பொறுப்பாளி சித்தப்பன். அவனே சம்மதிச்சப்புறம் நான் என்னத்தச் சொல்லி நிறுத்தறது? ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிப் பாக்கிறேன்" என்றார். முக்பில் பத்து நாள் பொறுக்கத் தயார் என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் முக்பிலின் மனைவி காலியா என் கூடாரத்துக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இஷ்ராக்குக்காக அல்ல, தனக்காக.

"என் மூத்தவன் வயசு அவளுக்கு! நாளைக்கு அவ படுத்துக்குவா, நான் அவளுக்கும் சேத்து ரொட்டி சுடணுமா? அவனுக்கு என்ன குறை வெச்சேன், சொல்லு."

மூத்தவன் வயது. அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் இஷ்ராக்கின் உம்மா போனபோது, நாலு வீடு தள்ளி இவள் மடியில் கைக்குழந்தை. இவளுக்குப் பால் இருந்திருக்கிறது.

எங்கள் மார்க்கத்தில், ஒருத்தியிடம் ஐந்து முறை வயிறு நிறையப் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளை. அவள் புருஷனுக்கும் பிள்ளை. பெற்ற மகளைக் கட்ட முடியாத மாதிரி அவளையும் அவன் கட்ட முடியாது. எந்த ஷேக்கும், எந்தப் படையும் அதை மாற்ற முடியாது.

"நீ அந்தப் புள்ளைக்குப் பால் கொடுத்தே" என்றேன்.

காலியா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்லையே. ஷாயிஃப் துணிய நனைச்சு நனைச்சு ஆட்டுப்பால்ல வளர்த்தான். ஊரே சிரிச்சுது."

"ஊரு எங்க இருக்கு இப்போ? பாதி மண்ணுக்குள்ள, பாதி எந்த மூலையிலன்னே தெரியாது. ஹிஸாமும் உன் புருஷனும் அப்போ சவூதியில கல் சுமந்துக்கிட்டு இருந்தாங்க. பாத்தவ நான் ஒருத்திதான். நீ கொடுத்தே. நான் பாத்தேன்."

அவள் மெதுவாக மூக்கைத் துடைத்தாள். "எத்தனை தடவை?"

"அஞ்சு."

"பத்துன்னு சொல்லட்டா? கெட்டியா இருக்குமே."

"அடியே, பத்துன்னா எந்தெந்த நாளுன்னு கேப்பார். அஞ்சே போதும். உம்மா செத்த வாரம், தினம் ஒரு தடவை. முடிஞ்சுது."

"பாவமில்லையா ஜலீலா?"

"பாவம்தான். உனக்குச் சக்களத்தி வேணுமா, பாவம் வேணுமா?"

அவள் பாவத்தை எடுத்துக்கொண்டாள். இஷ்ராக்கிடம், "நீ அப்போ கைக்குழந்தை, உனக்கு எதுவும் தெரியாது, வாயே திறக்காதே" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக் காட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து வருஷப் பயிற்சி வகுப்பெல்லாம் செய்யாததை நான் ஒரு சாயங்காலத்தில் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் ஷேக்கின் கூடாரத்தில் காலியா திரைக்குப் பின்னால் இருந்து சொன்னாள். திக்கவில்லை, திணறவில்லை. பிறகு என் முறை. குர்ஆன்மேல் கை வைத்து, ஐந்து முறை, வயிறு நிறைய, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். ஷேக் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, பெண்களுக்குள் நடப்பதற்குப் பெண்களே சாட்சி என்று ஒப்புக்கொண்டார். எழுதுகிற ஆள் அன்று இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று காகிதத்தை என்னிடமே நீட்டினார். நானே எழுதினேன். 'ஷாயிஃபின் மகள் இஷ்ராக், முக்பிலுக்குப் பால் முறையில் மகள்.' கீழே அவர் முத்திரை வைத்தார்.

ஹிஸாமுக்கு வேர்த்துவிட்டது. மோட்டார்சைக்கிள் போய்விடுமே என்ற கவலை. முக்பில் கத்துவான், சண்டை போடுவான் என்று நான் காத்திருந்தேன். அவன் கன்னத்தில் காத்தை அதக்கிக்கொண்டு, அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அல்ஹம்துலில்லாஹ். எனக்குப் பொட்டப்புள்ளையே இல்லைன்னு குறை. டீச்சர் புண்ணியத்துல ஒண்ணு கிடைச்சிருக்கு. ஹிஸாம், வண்டிய நீயே வெச்சுக்கோ. என் மகளை என் வீட்டுக்கு அனுப்பு."

ஹிஸாம் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டான். மாப்பிள்ளையென்றால் பெண்ணுக்குத் தருகிற மஹர், விருந்து, சீர் என்று ஆயிரம் பேச்சு உண்டு. இப்போது ஒன்றுமில்லை. ஒரு வயிறு குறைந்தது, வண்டியும் மிஞ்சியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் என்றால் கல்யாணத்துக்குத் தடை. அதை மட்டும்தான் யோசித்தேன். பால் உறவும்தான் என்பதை யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், பால்குடித்த மகள் அந்த வீட்டில் முகம் திறந்து நடக்கலாம், அந்த ஆள் அவளை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. கெட்டிக்காரியான எனக்கு மட்டும் அது தெரியாமல் போயிற்று.

"அவ இங்கேயே சித்தப்பாகிட்ட இருக்கட்டுமே" என்று முனகினேன்.

"ஏன் டீச்சர்? வாப்பா வீட்டுல மக இருக்கக் கூடாதா?" என்றான் முக்பில். ஷேக் தலை குனிந்துகொண்டார்.

அன்று மத்தியானமே இஷ்ராக் தன் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கல்யாணம் நின்றுபோன சந்தோஷத்தில் எனக்குக் கை ஆட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம். அவள் பிள்ளைகள் கூடாரத்துப் பக்கம் வரவேயில்லை. தண்ணீர் லாரி வருகிற இடத்தில் பார்ப்பேன். இரண்டு கையிலும் இருபது லிட்டர் கேன். ஒருநாள் மணிக்கட்டில் சூட்டுக்காயம், இன்னொரு நாள் உதடு வீங்கியிருந்தது. காலியாவைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"ரொட்டி சுடத் தெரியல, கைய சுட்டுக்கிட்டா. நான் என்ன பண்ண?"

"உதடு?"

"பெத்த புள்ளைய அடிக்கிறதில்லையா? என் பால் குடிச்ச புள்ள. அடிக்க எனக்கு உரிமை இல்லையா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பொய்யைக் கட்டியது நாங்கள் இருவரும், அதில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே சிரிக்கிறாள். அவளை அறைந்திருப்பேன். ஆனால் என்ன சொல்லி அறைவது?

அலுவலகத்துக்கு மறுபடி போன் போட்டேன். அவர்களுக்கு என்மேல் ஒரே பாராட்டு. குழந்தைத் திருமணம் தடுக்கப்பட்டது, பிள்ளை குடும்பத்தோடு சேர்க்கப்பட்டது, கோப்பு மூடியாயிற்று. "அடிக்கிறாங்க சார்" என்றேன். "குடும்பத்துக்கு அறிவுரை சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னேன். முக்பில் எனக்கு டீ கொடுத்து உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நான் எழுந்து போன பிறகு அவளுக்கு விழுந்த அடி பக்கத்துக் கூடாரத்துக்குக் கேட்டதாம்.

ஒரு வியாழக்கிழமை காலை, பிள்ளைகள் வருமுன்னே இஷ்ராக் ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். செருப்பு இல்லை.

"சாச்சி, அவரு என்னை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறாராம். கண் டாக்டருக்குன்னு வெளிய சொல்றாரு. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. காத் தோட்டம் வெச்சிருக்கிற ஒரு கிழவனுக்குப் பேசி முடிச்சிட்டாரு. காலியா சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. பொறுப்பாளின்னு சாச்சாகிட்ட கைநாட்டுகூட வாங்கியாச்சு. இன்னைக்கு மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் கிளம்பறோம்."

"அழாதே."

"நீங்க பொய்ன்னு சொல்லிடுங்க சாச்சி. எழுதினது நீங்கதானே. நீங்க சொன்னா நம்புவாங்க."

சரிதான். சாவடிகளில் அவளை நிறுத்திக் கேட்டால் அவன் நீட்டப்போவது என் கையெழுத்துக் காகிதம். முக்பிலுக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருந்தால்கூட என் கண்முன்னே இந்த முகாமிலேயே இருந்திருப்பாள். என் பொய்தான் அவளுக்கு வழி திறந்துவிட்டது. அவளை உள்ளே வைத்துக் கூடாரத்தைக் கட்டிவிட்டு ஷேக்கிடம் ஓடினேன். நரகத்துக்குப் போனாலும் சரி, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

ஷேக் தனியாக இருந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே கையை உயர்த்தினார்.

"நீ என்ன சொல்ல வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். அந்தப் புள்ள தப்பிச்சாச் சரின்னு நானும் கண்ண மூடிக்கிட்டேன். இப்போ அதை நீ சொல்லாதே. நான் காதால கேக்கக் கூடாது."

"ஷேக், அவளை விக்கப்போறான்."

"யோசிச்சுப் பேசு ஜலீலா. பால் பொய்ன்னா ரெண்டு மாசம் அவ யார் வீட்டுல இருந்தா? அந்நியன் வீட்டுல. முகம் திறந்து, அவன் இருந்த கூரைக்குக் கீழ. நடந்துதா நடக்கலையான்னு யாரும் கேக்கப்போறதில்ல. மானத்தைக் காப்பாத்த ஹிஸாமுக்கு ஒரு வழிதான் இருக்கு. அவன் செய்யலைன்னா அவன் ஜாதிசனம் செய்யும். இங்க மணல் தோண்ட ஆள் தேட வேண்டியதில்ல."

"நீங்க தடுக்க மாட்டீங்களா?"

"எத்தனை நாள்? ராத்திரியெல்லாம் அவ தலைமாட்டுல நானா உக்காந்திருப்பேன்?"

நான் பதில் சொல்லுமுன்பே வெளியே சத்தம். முக்பிலும் ஹிஸாமும் இஷ்ராக்கை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கூடாரக் கயிற்றை அறுத்து அவளை வெளியே இழுத்திருக்கிறார்கள். பின்னால் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஷேக்கைப் பார்த்ததுமே அவள் கத்திவிட்டாள்.

"இவரு என் வாப்பா இல்ல! நான் காலியாகிட்டப் பால் குடிக்கவேயில்ல! என் வாப்பா ஆட்டுப்பால்ல வளர்த்தாரு, அவரே சொல்லியிருக்காரு. சாச்சிக்குத் தெரியும். சாச்சி பொய் சொன்னாங்க!"

கூட்டம் அடங்கிப்போயிற்று. ஹிஸாம் அவள் கையை விட்டான். கை மெதுவாக இடுப்புக் கத்திக்குப் போயிற்று. அவன் கோபத்தில் அதைச் செய்யவில்லை. முகம் வெளுத்து, அழப்போகிறவன் மாதிரி இருந்தான். பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள், இனி அவனால் கேட்காத மாதிரி இருக்க முடியாது. முக்பில் கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

"ஜலீலா" என்றார் ஷேக். "புள்ள சொல்றது உண்மையா?"

இஷ்ராக் என்னைப் பார்த்து, தைரியம் சொல்கிற மாதிரி தலையை ஆட்டினாள். சொல்லிவிடுங்கள், நான் இருக்கிறேன் என்கிற மாதிரி.

"பொய்" என்றேன். "கிழவனைக் கட்டிக்கப் பயந்து உளறுது. நான் என் கண்ணால பாத்தேன். அஞ்சு தடவை, வயிறு நிறைய."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஹிஸாமின் கை கத்தியிலிருந்து இறங்கியது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சாச்சி?" என்றாள் இஷ்ராக். "சாச்சி, நீங்கதானே..."

"வாயை மூடு" என்று அதட்டினேன். "பால் கொடுத்தவளை மறுக்கிறியே, வெக்கமாயில்ல? உன் வாப்பாவோட போ."

அவளை வண்டியில் ஏற்றினார்கள். ஏறும்போது அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. லுஹர் பாங்கு சொல்லுமுன்னே வண்டி மணலைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. நாலு நாள் கழித்து முக்பில் தனியாக வந்தான். வண்டி நிறையக் காத்.

முகாமில் என் பேர் பெரிதாகிவிட்டது. ஒரு பெண்ணைக் கூடாத கல்யாணத்திலிருந்தும், பிறகு தன் மானத்தைத் தானே கெடுத்துக்கொள்ளாமலும் இரண்டு தடவை காப்பாற்றியவள் என்கிறார்கள். போன வாரம் ஒருத்தி தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "நீங்க சொன்னா ஷேக் கேப்பார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இல்லை, நான் பொய்க்காரி, நான் ஒருத்தியை அனுப்பிவைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் இஷ்ராக் உயிரோடு இருக்கிறாள். நான் உண்மையைச் சொல்கிற அன்று இருக்க மாட்டாள்.